பழனி ரோட்டில் பஸ் ஓட்டிய ஜி.டி. நாயுடு

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஜி.டி. நாயுடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சவரக் கத்தி, ரேடியோ, குட்டிக் கார், ஓட்டுப் போடும் இயந்திரம்... இந்தியாவின் எடிசன் என்று பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் மூச்சு விடாமல் ஒப்பித்திருப்போம். நானும் எட்டாம் வகுப்பில் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன்தான். ஆனால் அந்தப் பேச்சுகளில் எல்லாம் ஒரு பத்து வருஷம் காணாமல் போய்விடும். பிறந்தார், மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பிரித்தார், மாட்டினார், மறுநாளே மேதை ஆகிவிட்டார்! நடுவில் என்னதான் நடந்தது?

நடுவில் நடந்ததுதான் நமக்கு வேண்டும். ஏனென்றால் நாம் இப்போது நிற்கிற இடம் அந்த இடம். பதினெட்டிலிருந்து இருபத்தேழு வயசு வரைக்கும் ஒரு மனுஷன் என்ன பாடுபட்டான், எத்தனை தடவை ஏறினான், எத்தனை தடவை சறுக்கினான் என்பதைத்தான் இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர் கண்டுபிடித்த சாமான்களின் பட்டியல் வேண்டுமானால் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கிடைக்கும்.

துரைசாமி 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். அப்பா கோபால்சாமி, விவசாயி. அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினவர் என்று சொல்வார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்புறம் தோட்டம், ஏற்றம், மாடு. நம்ம பக்கத்துப் பையன்கள் வேடசந்தூர் காட்டிலும் ஆத்தூர் வயலிலும் செய்கிற அதே வேலை.

ஒருநாள் அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி, 1912 மாடல். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானாக ஓடுகிற வண்டியை அப்போதுதான் துரைசாமி கிட்டத்தில் பார்க்கிறார். இன்றைக்கு வீட்டுக்கு வீடு பைக் நிற்கிறது, அதனால் நமக்கு அந்தப் பரவசம் புரியாது. அந்த வண்டியை வாங்கியே தீர வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கையில் காசு கிடையாது. ஊரில் இருந்தால் காசு வராது என்று தெரிந்து கோவைக்குக் கிளம்பிவிட்டார்.

கோவையில் என்ன வேலை கிடைத்தது தெரியுமா? ஹோட்டலில் சர்வர் வேலை! இலை போட்டு, தண்ணீர் வைத்து, கேட்டதைக் கொண்டுவந்து பரிமாறுகிற வேலை. அதோடு கிடைத்த சில்லறை வேலைகளையும் பார்த்து, சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம் நண்பர்களே. மூன்று வருஷம் என்றால் நம்ம டிப்ளமோ படிப்பு முழுக்க! பேச்சுப் போட்டியில் இது ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேல் நாட்கள் இருக்கின்றன. காலையில் எழுந்து அதே இலை, அதே வாளி, அதே மேஜை துடைக்கிற துணி. சொந்த நிலம் உள்ள வீட்டுப் பையன் டவுனில் எச்சில் இலை எடுக்கிறான் என்று ஊரில் யாராவது பேசியிருக்க மாட்டார்களா? பேசியிருப்பார்கள். ஊர் என்றால் எல்லாக் காலத்திலும் ஊர்தான்.

முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். நான் போகிறேன். கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளியோடு வரிசையில் வரும்போது, பந்தியில் நம்ம கிளாஸ் பையனோ பொண்ணோ உட்கார்ந்திருந்தால் என்ன செய்வோம்? சட்டென்று பக்கத்தில் இருக்கிறவன் கையில் வாளியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவோம். அது ஒரு மாதிரி கூச்சம். அந்தக் கூச்சத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துரைசாமிக்கும் அது இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் மனசில் வாளிக்குப் பின்னால் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

வண்டி வந்ததும் அதில் ஏறி ஊர் சுற்றினாரா? சுற்றியிருப்பார், யார்தான் சுற்ற மாட்டார்கள்! ஆனால் முக்கியமான காரியம், அதை முழுசாகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். இயந்திரவியல், ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தக் காலத்து ரட்ஜ் ஒற்றை சிலிண்டர் வண்டி, 499 சிசி. பேட்டரி இல்லாமல் மேக்னெட்டோவிலிருந்தே பொறி வரும். என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு செயின் கிடையாது, பெல்ட்தான். நமக்கு ஒர்க் ஷாப்பில் கட் செக்‌ஷன் மாடல் இருக்கிறது, சார் இருக்கிறார், சந்தேகம் வந்தால் செல்போனில் வீடியோ இருக்கிறது. அப்படியும் பிரித்த என்ஜினை மாட்டி முடித்தால் மேஜை மேல் இரண்டு வாஷர் மிச்சம் இருக்கும்! வால்வு டைமிங்கில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி கிளம்பாது. அவருக்குப் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. ஒரு சாமான் உடைந்தால் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வர வேண்டும். மூன்று வருஷ உழைப்பு மொத்தமும் தரையில் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிறபோது ஒருத்தனுக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு அவரோட வாழ்க்கையிலேயே பெரிய துணிச்சலாகத் தோன்றுவது இதுதான். பின்னால் கார் செய்ததெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வண்டி திரும்ப ஓடியது. மெக்கானிக் வேலையும் கைக்கு வந்தது.

அடுத்து அவர் போனது திருப்பூருக்கு. இன்றைக்கு நம்ம ஊர்ப் பையன்கள் பஸ் ஏறிப் போகிற பனியன் திருப்பூர் அல்ல அது. பனியன் கம்பெனிகள் வருவதற்கு முந்தி திருப்பூர் பருத்திச் சந்தை. காட்டிலிருந்து வருகிற பருத்தியில் கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்குகிற ஜின்னிங் ஆலைகள் அங்கே இருந்தன. அந்தத் தொழிலில் இறங்கினார். 1914-ல் ஆரம்பித்த முதல் உலகப் போரை ஒட்டிய காலம் அது. வியாபாரம் சூடு பிடித்தது. ஹோட்டலில் இலை எடுத்தவர் கையில் லட்சம் புரண்டது! அந்தக் காலத்து லட்சம் என்றால் இன்றைய கணக்கில் எத்தனை கோடி என்று காமர்ஸ் படிக்கிற நண்பர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது ஒரு சினிமாப் பாட்டில் முன்னேறுகிற கதை. ஆனால் அவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போனார். நாட்டின் பெரிய பருத்தி வியாபாரம் அங்கேதான் நடந்தது. அங்கே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் ஊறியவர்கள். இவர் இருபதுகளில் இருக்கிற வாலிபர், ஊருக்குப் புதுசு. சம்பாதித்தது போயிற்று. வெறுங்கையோடு திரும்பினார்.

இந்தத் தோல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதுவும் ஒரு பாடம் என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோற்றவன் வீட்டுக்கு வரும்போது அவன் கையில் பாடம் எதுவும் இருக்காது. ஒரு பை இருக்கும், அதில் அழுக்குத் துணி இருக்கும், அவ்வளவுதான். என்னோடு முதல் வருஷம் சேர்ந்த ஒருத்தன் எம்-1, எம்-2 இரண்டிலும் அரியர் வைத்து, எழுதி எழுதிப் பார்த்துக் கடைசியில் வருவதையே நிறுத்திவிட்டான். இப்போது திருப்பூரில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் கிட்டே போவதற்குள் அவன் வேறு பக்கம் திரும்பி டீக்கடைக்குள் போய்விட்டான். படிப்பை விட்டதைக் காட்டிலும் எங்களைப் பார்க்கிறதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். லட்சத்தைத் தொலைத்துவிட்டு ஊருக்கு வந்த துரைசாமியைக் கலங்கல்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? அன்றைக்கு அவருக்கு நம்ம அண்ணன்மார் வயசு.

அப்படி வந்தவர் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையிடம் போனார். ஸ்டேன்ஸ் சின்ன வயதிலேயே இங்கிலாந்திலிருந்து வந்து கோவையில் காப்பி, மில், பள்ளிக்கூடம் என்று கால் ஊன்றியவர். அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெஷின் வேலை தெரிந்த இந்த வாலிபர் மேல் அவருக்கு ஒரு நம்பிக்கை. 1920-ல் எட்டாயிரம் ரூபாய் விலையில் ஒரு பஸ் அவர் உதவியோடு துரைசாமி கைக்கு வந்தது. விலையில் பாதி கடன். வண்டி ஓட்டி, வருகிற வசூலில் இருந்து கடனை அடைக்க வேண்டும்.

அந்த பஸ் எந்த ரூட்டில் ஓடியது தெரியுமா நண்பர்களே? பொள்ளாச்சியிலிருந்து நம்ம பழனிக்கு! ஆம், இன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற பழனிதான். அப்போது அது மதுரை ஜில்லாவில் இருந்தது, திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது. சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் வழி. டிரைவர் யார்? முதலாளியே டிரைவர்.

ஏன் அந்த ரூட் என்று யோசித்துப் பார்த்தேன். ரயில் கணக்கைப் பார்த்தால் புரிகிறது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-லேயே ரயில் வந்துவிட்டது. பொள்ளாச்சிக்கு இந்தப் பக்கம், பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கு, 1928-ல்தான் ரயில் வந்தது. ஆக 1920-ல் பழனிக்குப் போக வேண்டிய கோவைப் பக்கத்து ஜனம் பொள்ளாச்சி வரைக்கும் ரயிலில் வந்து, அதற்கு மேல் மாட்டு வண்டியையோ காலையோ நம்ப வேண்டியதுதான். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு வருகிற கூட்டத்தை நாம் வருஷா வருஷம் பார்க்கிறோம். ரயில் நின்றுபோன இடத்தில் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஆள் ஏறாமல் போவார்களா? பம்பாயில் தப்பிய கணக்கு பழனி ரோட்டில் சரியாக வந்தது. ஒருவேளை அது அவருக்குத் தெரிந்த மண் என்பதால் இருக்கலாம்.

ஆனாலும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு அது தேசிய நெடுஞ்சாலை 83. அன்றைக்கு மாட்டு வண்டித் தடம் விழுந்த மண் ரோடு. வண்டி மக்கர் செய்தால் இறங்கிச் சரி செய்ய வேண்டியவரும் டிரைவர்தான். திருவிழாக் கூட்டம் வருஷத்தில் சில நாள், மற்ற நாளில் பாதி சீட் காலி. அப்படி ஓடினாலும் தவணை கட்டியாக வேண்டும், பெட்ரோல் போட்டாக வேண்டும். தினம் ராத்திரி வசூலை எண்ணுகிறபோது முந்தி எண்ணிய லட்சம் ஞாபகத்துக்கு வராமலா இருந்திருக்கும்?

ஹோட்டல் சர்வர், மெக்கானிக், ஆலைக்காரர், லட்சாதிபதி, கடன்காரர், டிரைவர். இருபத்தேழு வயதுக்குள் இத்தனையும்! மேலே போனவர் கீழே வந்தபோது, முன்னே பார்த்த வேலையைவிடக் குறைச்சலான வேலையை எடுத்துக்கொண்டார். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அடுத்த வருஷம் நம்மில் பலர் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் டிரெய்னி என்ற பெயரில் போகப் போகிறோம். ஒரு வருஷம் முடிந்ததும் அனுப்பிவிடுகிற கம்பெனிகளும் உண்டு. சீனியர் அண்ணன்கள் பலர் அப்படித் திரும்பி வந்து செல்போன் கடையிலும் உணவு டெலிவரியிலும் இருக்கிறார்கள். காலேஜ் பக்கம் வந்தாலும் சாரைப் பார்க்காமல் போகிறார்கள். அந்த அண்ணன்கள் இந்த மலரைப் படித்தால் பொள்ளாச்சி பஸ்ஸைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பஸ் பல பஸ் ஆனது. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனி நேரம் தவறாமைக்குப் பேர் வாங்கி, நாட்டிலேயே நன்றாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்றானது. 1937-ல் கோவை பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் வெளிவந்தது. நம்ம கிணற்று மோட்டாருக்கெல்லாம் அதுதான் பாட்டன்! ஜெர்மனி போனார், சின்ன மோட்டாரில் ஓடும் சவரக் கருவி செய்தார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். தேர்தலில் நின்று தோற்றார். இரண்டு பேர் போகிற மலிவான கார் செய்தார், அரசாங்க அனுமதி கிடைக்காமல் அது நின்றுபோனது. வரி போடுவதை எதிர்த்துத் தான் செய்த பொருட்களைத் தானே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார். இந்தக் கடைசிக் காரியம் எனக்கு இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. செய்தவனுக்கு உடைக்க உரிமை உண்டு என்று ஒர்க் ஷாப்பில் ஒரு நண்பன் வாதாடினான். இருக்கலாம், ஆனால் ஒரு ரேடியோவை உடைக்கிறதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

இப்போது ஒரு விஷயம் மனசு விட்டுப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டின முதல் ஆள் நான். அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம், படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறான், படிக்காத ஜி.டி. நாயுடு சாதிக்கவில்லையா, பேசாமல் வேலைக்கு அனுப்பு என்று அப்பாவிடம் சொல்வார்கள். அப்பா பதில் பேச மாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். இந்த வசனத்தைக் கேட்காத முதல் தலைமுறைப் பிள்ளை நம்ம காலேஜில் யாராவது உண்டா?

அந்தப் பேச்சுக்கு நாயுடுவின் வாழ்க்கையே சாட்சி ஆகாது என்பது என் கட்சி. முதலாவது, அவர் தோற்று வந்தபோது கலங்கலில் நிலம் இருந்தது. நமக்குத் தோற்றால் திரும்பிப் போக அந்த நிலம் இல்லை, அப்பாவோட தோள்தான் இருக்கிறது. அடுத்து, அவர் படிக்கவில்லை என்கிறதே பாதிதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷம் காசு சேர்த்து வாங்கிய பாடப் புத்தகத்தைத் தரையில் பிரித்துப் போட்டு அல்லவா படித்தார்! அதோடு, நம்பிக் கடன் கொடுக்க ஒரு ஸ்டேன்ஸ் இருந்தார். இன்றைக்கு எட்டாயிரத்துக்குச் சமமான கடனை நம்மை நம்பி யார் தருவார்கள்? பேங்கில் கல்விக் கடன் கேட்கப் போனால் எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பதில் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அதே மனுஷன், 1945-ல் கோவையில் என்ன ஆரம்பித்தார் தெரியுமா? பாலிடெக்னிக்! அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும், கூடவே பொறியியல் கல்லூரியும். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. படிப்பு வேண்டாம் என்கிறவர் காலேஜ் கட்டுவாரா? அவருக்கு இருந்த சண்டை, படிப்பை இழுத்தடிக்கிறதோடுதான். நாலு வருஷம் எதற்கு, மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் அதற்கு ஒத்துவரவில்லை, அவர் பொறுப்பை விட்டு விலகிக்கொண்டார். ரெக்கார்டு நோட்டில் ஒரே படத்தை மூன்று தடவை வரைகிற நம்மிடம் கேட்டிருந்தால் அவர் பக்கம்தான் ஓட்டு விழுந்திருக்கும்!

ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோவை போகிற பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அடுத்த தடவை ஜன்னல் சீட் கிடைத்தால் பழனி தாண்டியதும் தூங்காமல் வாருங்கள். பொள்ளாச்சி வரைக்கும் நம் பஸ்ஸுக்கு இப்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிறது. 

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவருடைய கண்காட்சி இருக்கிறது. அதே ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்து 2025 அக்டோபரில் திறந்தார்கள். பாலத்துக்குக் கீழே ஒரு பஸ் ஸ்டாப். ஆர்தர் ஹோப் யார் என்று அங்கே இறங்குகிறவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. கண்டக்டர்கள் மட்டும் இன்னும் ஹோப்ஸ், ஹோப்ஸ் என்று கூவி ஆள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.